இல்லாத உயிருக்கு இலக்கணம்

நுழையும்முன்

கண்டதை ஆராய்வது அறிவியல் என்றும், காணாததைப் புனைவது இலக்கியம் என்றும் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். இவ்விரண்டும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. வேற்றுக்கோளில் வாழ்வதாகப் புனையப்பட்ட ஓர் உயிரினத்திற்கு உடலமைப்பு, உணவு, மொழி, பண்பாடு ஆகியவற்றை வகுக்கும் முயற்சியே அது. எழுத்தாளர் தொடங்கிவைக்கும் இம்முயற்சியைப் பல வேளைகளில் வாசகர்களும் பார்வையாளர்களுமே வளர்த்தெடுக்கின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு செய்கின்றனர், அதனால் நாம் பெறும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வரையறைக்குள் பிறக்கும் கற்பனை

வடசென்னையின் பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரயில்பெட்டித் தொழிற்சாலையை மக்கள் ஐ.சி.எஃப். என்றே அழைப்பர். 2018ஆம் ஆண்டில், நாட்டின் முதல் வந்தே பாரத் தொடர்வண்டி உருவானது இங்கேதான். அவ்வண்டி தண்டவாளத்தில் ஓடுவதற்கு முன்பு வரைபடத்தில் இருந்தது. வரைபடத்திற்கு முன்பு சிலருடைய மனத்தில் இருந்தது. இல்லாத ஒன்றை மனத்தால் கண்டவர்கள் அவர்கள். ஆயினும், அவர்களுடைய கற்பனை விரும்பிய திசையெல்லாம் விரிந்துவிடவில்லை. இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1676 மில்லிமீட்டர். நடைமேடையின் உயரமும் பாலத்தின் தாங்குதிறனும் பாதையின் வளைவும் முன்னரே வகுக்கப்பட்டவை. இவற்றிற்குள் அடங்கிய கற்பனையே ஓடும் வண்டியாயிற்று. அடங்காதது தாளோடு நின்றிருக்கும்.

உயிரினங்களைக் கற்பனை செய்வதற்கும் இவ்விதி பொருந்தும். 'கற்பனைதானே, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்' என்பது மேலோட்டமான எண்ணம். மூன்று தலையும் முப்பது கையும் கொண்ட ஓர் உருவத்தை எவரும் ஒரு நொடியில் வரைந்துவிடலாம். அது என்ன உண்ணும், எப்படி மூச்சுவிடும், தன் குட்டியை எவ்வாறு அழைக்கும், இறந்தோரை என்ன செய்யும் என்னும் வினாக்களுக்கு முன்பின் முரணாமல் விடை கூறுவதே கடினம். அந்த விடைகளைத் தேடும்போது ஓவியம் உயிரினமாகிறது.

இடைவெளியை நிரப்புவோர்

புனைகதையோ திரைப்படமோ ஓர் உலகத்தை முழுமையாகக் காட்டிவிடுவதில்லை. கதைக்கு வேண்டிய அளவே காட்டும். எஞ்சியவை இடைவெளிகளாக நிற்கும். அவ்விடைவெளிகளை நிரப்ப முனைவோரே ஆர்வலர்கள். அவர்கள் பொதுவாக இரண்டு நெறிகளைப் பின்பற்றுகின்றனர். மூலப்படைப்பு கூறியதை மறுத்தல் கூடாது என்பது முதல் நெறி. அறிந்த அறிவியலோடு இயன்றவரை இசைந்து செல்லவேண்டும் என்பது இரண்டாம் நெறி.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் கிளிங்கான் இனத்தார் இதற்குச் சிறந்த சான்று. 1967ஆம் ஆண்டில் அவர்கள் முதன்முதலாகத் தோன்றியபோது, மனிதரைப் போலவே வழவழப்பான நெற்றியுடன் இருந்தனர். 1979ஆம் ஆண்டில் வெளியான திரைப்படத்தில் அவர்களின் நெற்றியில் எலும்பு மேடுகள் காணப்பட்டன. உண்மைக் காரணம் எளியது. ஒப்பனைக்குச் செலவிட முன்பைவிடக் கூடுதலான பொருளும் நேரமும் கிடைத்தன. ஆர்வலர்கள் அவ்விடையோடு அமைதி கொள்ளவில்லை. ஓரினத்திற்குள்ளேயே இருவகை உடலமைப்புத் தோன்றுவது எங்ஙனம்? அவை இரு வேறு மரபுக்குழுக்களா? நோயின் விளைவா? கலப்பினமா? பல ஆண்டுகள் அவர்கள் இதனை ஆராய்ந்தனர். தத்தம் கருதுகோளுக்குச் சான்று காட்டி வாதிட்டனர். இறுதியில் 2005ஆம் ஆண்டு ஒளிபரப்பான கதைப்பகுதிகள் இவ்வினாவை எடுத்துக்கொண்டு, மரபணுச் சோதனையொன்றில் பிறந்த நச்சுயிரியே அம்மாற்றத்திற்குக் காரணம் என்று கதைக்குள்ளேயே விடை தந்தன. ஒப்பனை அறையில் நிகழ்ந்த மாற்றம் ஒன்று, ஆர்வலர்களின் கேள்வியால் ஓரினத்தின் மருத்துவ வரலாறாக மாறியது.

அதே தொடரின் மரபில் 1992ஆம் ஆண்டு வெளிவந்த கதையொன்று, கிளிங்கானியர்க்கு இரண்டு கல்லீரல்களும் எட்டறை கொண்ட இதயமும் உண்டு என்று காட்டியது. போரையே வாழ்வாகக் கொண்ட இனத்தாருக்கு, ஓர் உறுப்புச் சிதைந்தால் மற்றொன்று கைகொடுக்கும். இங்கே உடலும் பண்பாடும் ஒன்றையொன்று விளக்குகின்றன. நல்ல கற்பனையின் அடையாளம் இந்த இசைவே ஆகும்.

உடலுக்கு ஒரு கணக்கு

உயிரினத்தின் வடிவத்தை அதன் அளவே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், உயிர்களுக்குத் தகுந்த அளவு எது என்பதைப் பற்றி 1926ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1957ஆம் ஆண்டில் இந்தியாவில் குடியேறி, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1964ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். கதைகளில் வரும் அரக்கர்கள் ஏன் நடமாட இயலாது என்பதை அக்கட்டுரையில் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

மனிதனைப் போலப் பத்து மடங்கு உயரமுள்ள ஓர் அரக்கனை எண்ணிப் பார்ப்போம். உயரம் மட்டுமன்றி அகலமும் பருமனும் பத்து மடங்கு ஆகவேண்டும். எனவே, எடை ஆயிரம் மடங்காகும். ஆனால், அவ்வெடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்கே பெருகும். எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பு சுமந்ததைப்போலப் பத்து மடங்கு எடையைச் சுமக்க நேரும். அரக்கன் அடியெடுத்து வைத்தால் தொடையெலும்பு முறிந்துவிடும். யானையின் கால் தூண்போல் பருத்திருப்பதும், எறும்பின் கால் நூல்போல் மெலிந்திருப்பதும் இக்கணக்கின் விளைவே.

இதனை நன்கு உணர்ந்து எழுதியவர் ஹால் கிளமென்ட். ஹாரி ஸ்டப்ஸ் என்னும் இயற்பெயருடைய இவர், பள்ளி அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1953ஆம் ஆண்டில் இவர் எழுதிய புதினத்தில் மெஸ்க்ளின் என்னும் கோள் இடம்பெறுகிறது. அது மிக விரைவாகச் சுழல்கிறது. அங்கு ஒரு நாள் என்பது ஏறத்தாழ 18 நிமிடங்களே. அவ்விரைவால் கோள் தட்டையாகிவிட்டது. நடுக்கோட்டுப் பகுதியில் புவியைப்போல மூன்று மடங்காக உள்ள ஈர்ப்பு, துருவத்தில் ஏறத்தாழ 700 மடங்காகிறது. கடலில் நிறைந்திருப்பது நீர்ம மீத்தேன். அங்கு வாழ்வோர், பூரானைப்போலப் பல கால்களுடன் தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் சிற்றுயிர்கள். ஆயினும் அறிவில் மனிதருக்கு இணையானவர்கள். அவர்களுக்கு உயரம் என்றாலே அச்சம். பெரும் ஈர்ப்புள்ள இடத்தில் சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் பிழைக்க இயலாது. தலைக்கு மேலே ஒரு பொருள் இருப்பதையும் அவர்கள் பொறுப்பதில்லை. கோளின் ஈர்ப்பு உடலை வடித்தது. உடல் அச்சத்தை வடித்தது. அச்சம் பழக்கவழக்கத்தை வடித்தது.

வாசகர்களும் தம் பங்கிற்கு எழுதுகோலை எடுத்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்து அறிவியல் புனைகதைக் கழக மாணவர்கள் மெஸ்க்ளினின் வடிவத்தை மீண்டும் கணக்கிட்டனர். அவ்வாறு சுழலும் கோளின் நடுக்கோடு கூரிய விளிம்பாக அமையும் என்று அவர்கள் கண்டனர். கிளமென்ட் அத்திருத்தத்தை மகிழ்ந்து ஏற்றார். தம் கதையில் பிழை காண முயலும் வாசகரைத் தம்மோடு விளையாடும் தோழராகவே அவர் கருதினார். இல்லாத ஒரு கோளுக்காக மாணவர்கள் செய்த கணக்கு உண்மையான இயற்பியல் கணக்கு என்பதை நாம் மறத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

வேற்றுக்கோள் உயிரினத்தைக் காட்டிய தொடக்ககால இந்தியத் திரைப்படங்களுள் ஒன்று தமிழில் உருவானது. 1963ஆம் ஆண்டில், அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி' அது. அப்படத்தில், வேற்றுக்கோளிலிருந்து வருபவன் பொன்னையோ மண்ணையோ கவர்ந்து செல்லவில்லை. தன் உலகத்தாருக்கு இசை கற்பிக்க ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறான். அறிவியலில் உயர்ந்தும் கலையில் வறண்டும் போன ஓர் இனம் என்னும் கற்பனை அதில் அமைந்துள்ளது.

திணை என்னும் திறவுகோல்

நிலம் உயிரை வடிக்கிறது. உயிர் வாழ்வை வடிக்கிறது என்னும் இம்முறை தமிழ் மாணவருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் வகுத்த திணைக்கோட்பாடு இதனையே செய்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அவற்றின் நடுவே வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதல் மாறினால் கரு மாறும். கரு மாறினால் உரியும் வேறு நிறம் கொள்ளும். குறிஞ்சிப் பறையை நெய்தலில் முழக்கினால் அது பொருந்தாது என்பதை நாம் உடனே உணர்கிறோம். ஆர்வலர் தம் கற்பனை உலகில் தேடுவதும் அப்பொருத்தத்தையே.

மெஸ்க்ளினை இக்கோட்பாட்டால் நோக்கினால் அதன் அமைப்புத் தெளிவாகும். 18 நிமிடப் பொழுதும் பேரீர்ப்பு நிலமும் முதற்பொருள். மீத்தேன் கடலும் தரையோடு ஊரும் உடலும் கருப்பொருள். உயரத்தை அஞ்சும் வாழ்வு உரிப்பொருள். திணைக்கோட்பாடு வேற்றுக்கோளுக்காக வகுக்கப்பட்டதன்று. எனினும், புதிய உலகத்தைப் புனைய விழைவோர் எந்த வரிசையில் வினா எழுப்பவேண்டும் என்பதை அது கற்பிக்கிறது. முதலில் மண்ணைக் கேள். பின்னர் உயிரைக் கேள். அதன் பின்னரே மனத்தைக் கேள் என்பது அவ்வரிசை.

மரபியலில் இடம்பெறும் உயிர்ப்பாகுபாடும் இங்குக் கருதத்தக்கது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை, உயிர்களை அவை பெற்ற புலன்களின் வழியே தொல்காப்பியர் அடுக்கினார். ஓர் உயிர் உலகத்தை எப்புலன்களால் அறிகிறது என்பதே அதனை அறியும் வழி என்னும் நோக்கு அதில் உள்ளது. நமக்கு இல்லாத புலன் ஒன்றை வேற்றுக்கோள் உயிர் பெற்றிருந்தால், அதன் கவிதை எவ்வாறு இருக்கும்? நம் கவிதையில் நிலவுக்கு உள்ள இடத்தை அதில் எது பெறும்? இவ்வினாவிற்கு விடை தேடுபவர் நம் கவிதையையும் புதிய கண்ணால் காண்பார்.

கடற்கரையில் ஓர் அயலுயிர்

இத்தகைய வியப்புக்காக விண்ணைத்தான் நோக்கவேண்டும் என்பதில்லை. பெரம்பூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள இராயபுரத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு விடியற்காலையில் சென்றால், கூடைகளில் கணவாய் வந்து இறங்குவதைக் காணலாம். கணவாய்க்கு மூன்று இதயங்கள். இரண்டு இதயங்கள் செவுள்களுக்குக் குருதியைச் செலுத்துகின்றன. ஒன்று உடலெங்கும் செலுத்துகிறது. நம் குருதியில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு கலந்த புரதம். கணவாயின் குருதியில் அப்பணியைச் செய்வது செம்பு கலந்த புரதம். அதனால் அதன் குருதி நீலநிறம் கொள்கிறது. எட்டுக் கைகளும் இரையைப் பற்றுதற்கு நீளும் இரு கொடுங்கைகளும் அதற்கு உண்டு. தோலின் நிறத்தை நொடிப்பொழுதில் மாற்றிப் பகையை ஏமாற்றும். தன்னினத்தோடு குறிப்பும் பரிமாறிக்கொள்ளும்.

இவ்வுயிரைக் காணாத ஒருவரிடம் இவ்விவரங்களைக் கூறினால், வேற்றுக்கோள் உயிரினத்தின் வருணனை என்றே அவர் எண்ணுவார். உயிரின் இயல்புகளைக் கற்பனை செய்யப் புகுந்தவர் பலரும் இறுதியில் வந்து சேரும் இடம் இதுவே. புவியில் உள்ள உயிர்களை உற்றுநோக்காதவருக்குப் புவிக்கு அப்பால் உள்ள உயிரைப் படைக்க இயலாது. புவிக்கு வெளியே உயிர் உண்டு என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே, நம் கற்பனைக்குக் கிடைத்த ஒரே பாடநூல் இப்புவிதான்.

மொழி கொடுத்தல்

உடலை வகுத்தபின் எழும் வினா மொழியைப் பற்றியது. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில் காலகேயர் என்னும் கற்பனை இனத்தார் வருகின்றனர். அவர்கள் வேற்றுக்கோளினர் அல்லர். ஆயினும், எங்கும் இல்லாத ஓரினத்திற்கு மொழி வகுக்கும் பணி ஒன்றே. அப்பணியைச் செய்தவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். அவர் உருவாக்கிய கிளிக்கி மொழியில், படத்திற்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அமைந்தன. அம்மொழியில் 'மின்' என்றால் 'நான்'. அச்சொல்லைத் திருப்பிய 'நிம்' என்றால் 'நீ'. தன்மையும் முன்னிலையும் ஒன்றையொன்று எதிர்நோக்கும் கண்ணாடிகள் என்னும் எண்ணம் இரு சிறு சொற்களில் அடங்கிவிட்டது. படத்தைக் கண்டோர் அம்மொழியைக் கற்க விரும்பினர். 2020ஆம் ஆண்டில், உலகத் தாய்மொழி நாளான பிப்ரவரி 21 அன்று, அதனைக் கற்பதற்கான இணையதளம் தொடங்கப்பெற்றது.

கிளிங்கான் மொழியை 1984ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்திற்காக விரித்து வகுத்தவர் மார்க் ஓக்ரண்ட் என்னும் மொழியியல் அறிஞர். அவர் முன்னரே ஆராய்ந்தது, பேசுவோர் இன்றி மறைந்துபோன முட்சுன் என்னும் கலிபோர்னியப் பழங்குடி மொழியை. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு அம்மொழிக்கு இலக்கணம் வகுத்து அவர் முனைவர் பட்டம் பெற்றார். 'நான் மீனை உண்டேன்' என எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையில் தமிழ் அமையும். கிளிங்கானிலோ 'மீனை உண்டேன் நான்' என்பதே இயல்பான வரிசை. உலக மொழிகளில் மிக அரிதாகக் காணப்படும் அமைப்பு என்பதாலேயே அதனை அவர் தேர்ந்தெடுத்தார். 1985ஆம் ஆண்டில் அகராதி வெளிவந்தது. 1992ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் அம்மொழிக்கென ஒரு கழகம் நிறுவினர். 1996ஆம் ஆண்டில் சேக்சுபியரின் 'ஹேம்லட்' நாடகத்தை அம்மொழியில் பெயர்த்தனர். 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஓர் இசைநாடகமே அம்மொழியில் அரங்கேறியது.

அயலாரும் அண்டை அயலாரும்

இம்முயற்சிகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிளிங்கானியர், காலகேயர் ஆகிய இரு சாராரும் பகைவராகவே படைக்கப்பட்டவர்கள். அச்சமூட்டும் தோற்றமும் கொடுஞ்செயலுமே அவர்களுக்கு முதலில் தரப்பட்டன. ஒருவருடைய நிறத்தையும் முகத்தையும் கொண்டே அவரைக் கொடியவர் எனக் காட்டுவது கதைசொல்லும் பழைய வழக்கம். தவறான வழக்கமும் ஆகும். பகைவனுக்குத் தாலாட்டு இராது, இழவு இராது, திருவிழா இராது. அவன் வருவான், போரிடுவான், வீழ்வான். ஆர்வலர்கள் அவ்வினத்தாருக்கு உணவையும் சடங்கையும் சொல்லையும் தேடத் தொடங்கியபோது, பகைவன் என்னும் ஒற்றை நிறம் மெல்லக் கரைந்தது. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய அடுத்த தொடரில், கிளிங்கான் வீரர் ஒருவர் மனிதரின் விண்கலத்திலேயே உடன் பணிபுரிபவராக இடம்பெற்றார்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1898ஆம் ஆண்டில் எச்.ஜி. வெல்சு எழுதிய புதினத்தில் செவ்வாய்க்கோளினர் புவியின்மீது படையெடுக்கின்றனர். ஐரோப்பியர் தாசுமேனியாவின் தொல்குடிகளை அழித்ததை அந்நூலிலேயே வெல்சு நினைவூட்டுகிறார். அயலாரை உயிராக மதிக்காத வல்லரசுக்கு, தானே அயலாராக நின்று அழிவைக் காணும் நிலையை அவர் கற்பனையால் காட்டினார். வேற்றுக்கோளினர் அங்கே ஒரு கண்ணாடி.

அக்கண்ணாடியை நம் ஊர்ப்பக்கமும் திருப்பலாம். வடசென்னையைக் காணாத பலரும் அதனைத் திரைப்படங்களின் வழியே கற்பனை செய்து வைத்துள்ளனர். அக்கற்பனையில் கத்தியும் கலவரமும் மிகுதி. அங்கு வாழ்வோருக்கோ அது ரயில்பெட்டிக்கு உருக்கொடுக்கும் கைகளின் ஊர். வியாசர்பாடியில் கால்பந்து உருளும் திடல்களின் ஊர். கேரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூடும் தெருக்களின் ஊர். கானாப் பாடலின் ஊர். கடலை நம்பி விடியுமுன் எழும் மீனவரின் ஊர். எட்டறை இதயம் கொண்ட கிளிங்கானியரைப் படைக்கவும் ஒருவர் பல இரவுகள் சிந்திக்கிறார். இரண்டு ரயில் நிலையங்களுக்கு அப்பால் வாழ்பவரைப் பற்றிச் சிந்திக்க அத்தனை பொறுமை நமக்கு உண்டா?

வேற்றுக்கோளில் ஓர் இனத்தைக் கற்பனை செய்பவர் மூன்று வினாக்களை எழுப்புகிறார். அவர்கள் எந்நிலத்தில் வாழ்கின்றனர்? அந்நிலம் அவர்களை என்ன செய்தது? அவர்கள் எதனை அன்பென்று கருதுகின்றனர்? இல்லாதவரைப் பற்றி இவற்றைக் கேட்டுப் பழகியவர், இருப்பவரைப் பற்றியும் கேட்கக் கற்றுக்கொள்கிறார். அண்டை வீட்டாரை அறிவதற்கு விண்வெளி வழியாகவும் ஒரு பாதை உண்டு என்பதை இக்கற்பனை நமக்குக் காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. நீரே இல்லாத ஒரு கோளையோ, இருளே படராத ஒரு கோளையோ முதற்பொருளாகக் கொள்க. அதற்குரிய கருப்பொருள்கள் ஐந்தனையும் உரிப்பொருளையும் வகுத்து, வகுப்பறையில் காரணத்துடன் விளக்குக.

2. உங்கள் ஊரைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள கற்பனை ஒன்றையும், நீங்கள் அறிந்த உண்மை நிலையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. கற்பனை உலகின் இடைவெளிகளை நிரப்பும் ஆர்வலர்கள் பின்பற்றும் இரு நெறிகள் யாவை?

2. கிளிக்கி மொழியில் தன்மை, முன்னிலைச் சொற்களின் அமைப்பில் நீவிர் காணும் நயம் யாது?

சிறுவினா

1. பத்து மடங்கு உயரமுள்ள அரக்கன் நடமாட இயலாது என்பதை ஹால்டேன் எவ்வாறு நிறுவுகிறார்?

2. கணவாயின் உடலமைப்பை அயற்கோள் உயிரோடு ஒப்பிடுவது பொருந்துமா? விளக்குக.

நெடுவினா

'திணைக்கோட்பாடு புதிய உலகங்களைப் புனைவதற்கும் திறவுகோலாகும்' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.